வீட்டிலே ஒரு வாசகி

"சார், நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே! மலருக்கு ஒண்ணு கொடுங்க சார்" என்று பேரவை மாணவர்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. 'எழுத்தாளர்' என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அச்சில் வந்தவை நாலே நாலு கதைகள். அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவற்றுக்குக் கணக்கில்லை. பாதி எழுதிய நாவல் ஒன்று இருநூறு பக்க நோட்டுகள் மூன்றில் கிடக்கிறது. ஆகவே கதை வேண்டாம், கதை எழுத ஆசைப்படுகிற ஒரு குடும்பஸ்தனின் அன்றாடப் பாட்டைச் சொல்கிறேன் என்றேன். "அதுவும் ஓகே சார்" என்றார்கள். ஆக, பொறுப்பு அவர்களுடையது!

எங்கள் வீடு தாம்பரத்தில். காலை நாலரை மணிக்கு எழுந்தால் ஆறு வரை என் நேரம். ஆறு மணிக்குப் பால் பாக்கெட் வரும், தண்ணீர் மோட்டார் போட வேண்டும், மகளை எழுப்ப வேண்டும். அதற்குப் பிறகு நான் அப்பா, அப்புறம் ரயில் பயணி, அப்புறம் பிட்டிங் ஷாப் வாத்தியார். தாம்பரம் ஸ்டேஷனில் மின்ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் கிண்டி வருவதற்குள் ஒரு பக்கம் தேறும். நின்றுகொண்டு வந்தால் அந்தப் பக்கம் மனசுக்குள்ளேயே இருக்கும், சாயங்காலத்துக்குள் பாதி மறந்துபோகும். என் மனைவி ஒருநாள், சண்டைக்காக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்: "ஏங்க, இந்தக் கதைக்கு எவ்வளவு தருவாங்க?" சொன்னேன். "போன மாசக் கரண்ட் பில்லுக்குக்கூடக் காணாதே" என்று சொல்லிவிட்டு, கேட்டதற்குப் பரிகாரம் போல ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள்.

பணம் வராது என்பது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அது என்னை அசைக்கவில்லை. என்னை அசைத்தது வேறொன்று.

என் முதல் கதை ஒரு சிறுபத்திரிகையில் வந்தபோது மகள் மூன்றாம் வகுப்பு. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகளைப் போல அவளும் இங்கிலீஷ் மீடியம். பத்திரிகையைப் பிரித்து அவள் கையில் கொடுத்து, "அப்பா பேரு எங்க இருக்கு, கண்டுபிடி" என்றேன். பெயரைக் கண்டுபிடித்தாள். தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் வரியில் நாலாவது சொல்லில் நின்றுபோனாள். "நீயே சொல்லுப்பா, என்ன கதைன்னு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. அன்றாடம் ஒரு பீரியடு தமிழ், அதுவும் கேள்வி-பதில் மனப்பாடம். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிய எழுந்து, ரயிலில் முழங்கை இடிபட, இத்தனை பாடுபட்டு எழுதுகிறோமே, இதை யாருக்காக எழுதுகிறோம்? நம் சமையல்கட்டையும் நம் தெருவையும் நம் அம்மாவின் பேச்சையும் எழுதுகிறோம். அதை நம் பிள்ளையே படிக்க முடியாமல் போனால், நமக்குப் பிறகு அந்த நோட்டுகளின் கதி என்ன? பழைய பேப்பர் கடை, எடைக்கு எடை. நான் எழுதுவதும் அவள் படிப்பதும் இரண்டு வேலை இல்லை, ஒரே வேலைதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரமே பாடம் ஆரம்பம். புத்தகம் இல்லை, ரயில்வே ஸ்டேஷன்! கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லிருந்து மின்ரயில் ஓடுகிறது. எத்தனையோ பேரை வேலைக்குக் கொண்டுபோய் விட்ட பாதை, எங்கள் வீட்டுக்கு அரிச்சுவடியும் ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி வீட்டுக்குப் போகும்போது மஞ்சள் போர்டைப் பார்த்து வாசிக்க வேண்டும், வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்குள். இதுதான் பந்தயம். தாம்பரம் சுலபம். குரோம்பேட்டையில் இரட்டைக்கொம்பு வந்துவிடும். பல்லாவரத்தில் 'ல', பழவந்தாங்கலில் 'ழ'. திரிசூலம், மீனம்பாக்கம் இரண்டிலும் நெடில். பரங்கிமலையில் 'ங்'. தெற்கே போனால் பெருங்களத்தூரில் 'ள', வண்டலூரில் 'ண்', ஊரப்பாக்கத்தில் 'ஊ', கூடுவாஞ்சேரியில் 'ஞ்'. எந்த வாத்தியார் திட்டம் போட்டாரோ, தமிழ் எழுத்தில் கஷ்டமானதெல்லாம் இந்தத் தண்டவாளத்தின் மேலேயே வரிசையாக நிற்கிறது! மூன்று மாதத்தில் அவள் எனக்கு முன்னால் படித்துவிட்டு, "அப்பா, நீ ஸ்லோ" என்றாள்.

எழுத்து வந்துவிட்டால் போதுமா? ருசி வர வேண்டாமா? ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது மணி வரை அவளுக்குப் படித்துக் காட்டுகிற நேரம் என்று வைத்துக்கொண்டேன். நாவலுக்கு அந்த ஒரு மணி கிடைத்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். நாவல் காத்திருக்கும், எட்டு வயசு காத்திருக்காது. அந்த வயசு ஒரு தடவைதான் வரும்.

முதலில் குழந்தைப் பாட்டுகள். அழ. வள்ளியப்பாவை (1922–1989) அறியாத தமிழ் வீடு அந்தக் காலத்தில் உண்டா? குழந்தைகளுக்காகவே எழுதிக் குவித்த அவர் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். பகலெல்லாம் கணக்கு, மிச்ச நேரத்தில் பாட்டு. 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைவதற்கும் முன்னின்றார். சம்பளக்காரனுக்கு எழுத நேரமில்லை என்று யாராவது சொன்னால் அவர் பெயரைத்தான் நான் பதிலாகச் சொல்வேன். அப்புறம் பழைய புத்தகக் கடையில் பிடித்த அம்புலிமாமா இதழ்கள். 1947-ல் ஆரம்பித்து நம் பெற்றோரையும் நம்மையும் வளர்த்த பத்திரிகை. இப்போது வருவதில்லை, ஆனால் பழசு எப்படியோ கைக்குக் கிடைத்துவிடுகிறது. வேதாளம் விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக் கேள்வி கேட்கும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். "மிச்சம் நாளைக்கு." முதல் வாரம் கெஞ்சினாள். இரண்டாம் வாரம், நான் தூங்கிய பிறகு அவளே எடுத்துப் படித்துவிட்டாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டுமா!

புத்தகம் வாங்கக் காசு? இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், மாணவர்கள் பலருக்குத் தெரியாது. நம் ஊர் நூலகம் தர்மத்துக்கு நடப்பதில்லை. எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனவர். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகத்துக்கு வந்தார். புத்தகம் பூட்டி வைக்க இல்லை, பயன்படுத்த என்பதை 1931-ல் வந்த தம் ஐந்து விதிகளில் முதல் விதியாகவே வைத்தார். அவர் முயற்சியால் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகிறது. வாடகை வீட்டுக்காரர் கொடுக்கிற வாடகைக்குள்ளும் அது இருக்கிறது. ஆக, கிளை நூலகத்தில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாம் ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. போய் எடுக்காமல் இருப்பது, ஓட்டலில் பில் கட்டிவிட்டுச் சாப்பிடாமல் வருவது போல! மகள் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்கிய நாள் அவளுக்குத் தீபாவளிதான். மாதம் ஒருமுறை கிண்டியில் இறங்கி பஸ் பிடித்துக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது. அதன் குழந்தைகள் பிரிவில் அவளை உட்கார வைத்துவிட்டு நான் மேல் மாடிக்குப் போய்விடுவேன். இரண்டு பேருக்கும் பஸ், ரயில் டிக்கெட் தவிர வேறு செலவில்லை.

எழுத ஆசைப்படுகிறவர்கள் அசோகமித்திரனைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1931-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். சுற்றிலும் உருதும் தெலுங்கும் இங்கிலீஷும் புழங்கிய ஊரில் வளர்ந்து, தமிழில் எழுதினார். 1952-ல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தார். அங்கே அவர் வேலை, பத்திரிகைகளில் செய்திகளை வெட்டி எடுத்துக் கோப்பில் சேர்ப்பது. பார்க்கிறவர்களுக்கு இந்த ஆள் சும்மா உட்கார்ந்து பேப்பர் கிழிக்கிறார் என்றே தோன்றுமாம்! சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் அவர் கட்டுரை வந்ததால் வடக்கத்திப் பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கதை தெரியும். அதே கட்டுரையில் இன்னொரு விஷயம். லண்டன் பத்திரிகை ஒன்று சிறுகதைப் போட்டி அறிவித்தது. கதையை இங்கிலாந்துக்கு அனுப்பத் தபால் செலவு அதிகம். அதனால், பத்திரிகை எப்படிப்பட்டது என்று முதலில் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போய்ப் பார்த்தார். 1966-ல் வேலையை விட்ட பிறகு கையில் நேரம் இருந்தது, காசு இல்லை. மவுண்ட் ரோடு தபால் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் ஐம்பது பைசாவுக்குப் புத்தகம் வாங்கினார். தபால் செலவுக்குக் கணக்குப் பார்த்தவர்தான் 'தண்ணீர்', 'பதினெட்டாவது அட்சக்கோடு' எழுதி, 1996-ல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றார். 2017-ல் நம் வேளச்சேரியில்தான் மறைந்தார்.

ராஜம் கிருஷ்ணன் கதை இன்னும் ஆச்சரியம். பதினைந்து வயதில் கல்யாணம், கல்லூரிப் படி ஏறியதில்லை. கணவர் மின்சாரத் துறை இன்ஜினீயர் என்பதால் ஊர் ஊராக மாற்றல். மற்றவர்களாக இருந்தால் சாமான் கட்டியே அலுத்திருப்பார்கள். அவரோ நீலகிரியில் இருந்தபோது படுகர் மக்களைப் பார்த்து 'குறிஞ்சித் தேன்' எழுதினார். பிறகு தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைத் தேடிப் போய்ப் பார்த்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973-ல் சாகித்ய அகாதெமி விருது. பள்ளிக்கூடம் கொடுக்காத தமிழை வாசிப்பு கொடுக்கும் என்பதற்கு இந்த இருவரை விட வேறு சாட்சி வேண்டுமா? இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததால் தமிழ் வராது என்று சொல்லும் மாணவர்களுக்கும் இதுதான் என் பதில்.

பிட்டிங் ஷாப்பில் முதல் வருஷப் பசங்களுக்கு நான் சொல்லித் தருவது என்ன? இரும்புத் துண்டை அரத்தால் ராவ வேண்டும், ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். நடுவே வெளிச்சம் தெரிந்தால் மட்டம் இல்லை, மறுபடியும் ராவு. கை வலிக்குது சார் என்பார்கள். வலிக்கட்டும் என்பேன். என் கதைக்கு ட்ரை ஸ்கொயர் என் மகள்தான். இப்போது அவள் பத்தாவது. நான் எழுதியதை அவளிடம் படித்துக் காட்டுவேன். அவள் கண் ஜன்னல் பக்கம் போனால் அந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறது என்று அர்த்தம். ஒன்றும் கேட்க மாட்டேன், பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். மறுநாள் நாலரை மணிக்கு அந்த இடம்தான் முதல் வேலை.

மூன்றாம் வகுப்பில் திருப்பிக் கொடுத்தாளே, அந்தக் கதையை ஆறாம் வகுப்பில் அவளாகவே அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தாள். படித்து முடித்ததும் என்ன சொல்லப் போகிறாளோ என்று, பத்திரிகை ஆபீஸ் பதிலுக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை, நான் காய்கறி நறுக்குகிற சாக்கில் அங்கேயே நின்றேன். "அப்பா, இந்தப் பாட்டி நம்ம பாட்டிதானே? ஆனா நம்ம பாட்டி இப்படிப் பேச மாட்டாங்களே. நீ பேப்பர் பாஷைல பேச வச்சிருக்க" என்றாள். எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லாத விமரிசனம். சமையல்கட்டிலிருந்து என் மனைவி, "அப்படிக் கேளுடி!" என்றாள். அதற்குப் பிறகு நான் எழுதிய மூன்று கதைகளிலும் பாட்டிகள் பாட்டிகளாகவே பேசுகிறார்கள். மூன்றும் அச்சாகிவிட்டன.

மாணவ நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் ரகசியமாகக் கவிதை எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தை நான் பார்க்காமலா கையெழுத்துப் போடுகிறேன்? நிறுத்தாதீர்கள். ஆனால் உங்கள் எழுத்தைப் படிக்க ஆள் எங்கிருந்தோ வரும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒரு தம்பி இருப்பான், ஒரு தங்கை, அக்காவின் குழந்தை இருக்கும். தினம் பத்து நிமிஷம் ஒரு கதை படித்துக் காட்டுங்கள், அடுத்த ஸ்டேஷன் போர்டை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். டிப்ளமா முடித்து ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ ஷிப்டுக்குப் போனாலும் கிளை நூலக அட்டையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வரி கட்டிய சொத்து, விட்டுவிடாதீர்கள்.

என் நாவல் மூன்றாவது நோட்டில் நாற்பதாம் பக்கத்தில் நிற்கிறது. மகள் இரண்டு நோட்டுகளைப் படித்துவிட்டு அடுத்தது எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த வருஷம் அவளுக்குப் பப்ளிக் எக்ஸாம், அதனால் பரீட்சை முடிந்த மறுநாள் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கும் நாலரை மணிக்கு அலாரம் வைத்தாகிவிட்டது.