வீஸ் என்னும் சொல்

லத்தீன் பாஷையில் 'வீஸ்' என்றொரு சிறு சொல் உண்டு. வலி, ஆற்றல், வன்செயல் ஆகிய மூன்று பொருளையும் அவ்வொரு சொல்லே தாங்கும். நம் 'விசை'க்கு இஃது உறவோவென்று யாம் வகுப்பிலே ஐயுற்றதுண்டு. செவிக்கு அப்படித் தோன்றுவதேயன்றி வேறு ஆதாரமில்லை.

1687-ஆம் ஆண்டில் நியூட்டன் லத்தீனிலேயே வெளியிட்ட 'பிரின்சிப்பியா'வில் இச்சொல் பல கோலங்களில் வருகின்றது. புறத்தேயிருந்து தாக்கிப் பொருளின் நிலையை மாற்றுவது 'வீஸ் இம்ப்ரெஸ்ஸா'. அம்மாற்றத்தை எதிர்த்துப் பொருள் தன்னிலையில் நிற்பதற்கு ஏதுவானது 'வீஸ் இன்சித்தா'; அதற்கே 'வீஸ் இனெர்த்தியே' என்றும் பெயர். இனெர்த்தியா என்பது சோம்பல். சோம்பலையும் ஒரு வலியாக மதித்த ஆசிரியரை எம் விடுதித் தோழர் வெகுவாகக் கொண்டாடினர். லைப்னிட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1695-இல், உயிருள்ள வலி, உயிரற்ற வலி என வகுத்து, முன்னதற்குப் பொருண்மையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி அளவு கூறினார். அதிற் பாதியே இன்று இயக்க ஆற்றல் எனப்படுவது.

பின்னர்ச் சட்டம் பயிலப் புகுந்தவிடத்தும் அச்சொல் எம்மை விடவில்லை. மனிதரால் தடுக்கவொண்ணாத வெள்ளமும் புயலும் 'வீஸ் மாயோர்' எனப்பட்டன. 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 349-ஆம் பிரிவோ எம்மை வியப்பில் ஆழ்த்தியது. பிறனொருவனுக்கு அசைவையோ, அசைவின் மாற்றத்தையோ, அசைவின் நிறுத்தத்தையோ உண்டாக்குதலே பலப்பிரயோகம் என்று அது தொடங்குகின்றது. நியூட்டனே நியாயஸ்தலத்தில் அமர்ந்து எழுதினாற்போலும்! கரையிற் கட்டிய படகில் ஒருவன் அமர்ந்திருக்க, மற்றொருவன் கயிற்றை அவிழ்த்துப் படகை ஓடவிட்டால் அதுவும் பலப்பிரயோகமே என்பது அடுத்த பிரிவின் உதாரணம். 2024 ஜூலை முதல் அச்சட்டத்தின் இடத்திற்குப் பாரதிய நியாய சம்ஹிதை வந்துளது; வரையறை அங்கே 128-ஆம் பிரிவு.

இவ்வரையறையைப் படித்த இரவு எமக்குப் பாட்டியாரின் நினைவு வந்தது. யாம் சிறுவராயிருந்தபோது, அயல்வீட்டார் எம் கொல்லைக்குள் இரண்டு முழம் நுழைந்து வாய்க்கால் வெட்டினர். தந்தையார் வெளியூரிலிருந்தார். பாட்டியார் கரையில் நின்று, "வேண்டாம், எங்கள் மண்" என்றார். அவர்கள் அவரைத் தொடவுமில்லை, ஏசவுமில்லை. மண்வெட்டி மட்டும் நிற்கவில்லை. ஊர்ப் பெரியோர் கூடி, "உம்மை எவரேனும் தள்ளினரா, கையோங்கினரா?" என்று வினவினர். "இல்லை" என்றார். "பின்னை எங்கே பலாத்காரம்?" என்று எழுந்து போயினர். பாட்டியார் அன்று உண்ணவில்லை.

533-இல் ஜஸ்டினியன் மன்னன் தொகுப்பித்த 'டைஜெஸ்ட்' என்னும் ரோமச் சட்டத் திரட்டை நெடுநாட் கழித்தே யாம் பார்த்தோம். ஒருவர் நிலத்தில் வலிந்தேனும் மறைவாகவேனும் செய்த வேலையை, செய்தவனே மீளச் சீர்படுத்த வேண்டுமென்று ஆங்கொரு விதியுளது. வலிந்து என்பதற்கு அந்நூலோர் உரைக்கும் பொருளில் அசைவும் இல்லை, அடியும் இல்லை: தடுக்கப்பட்ட பின்னும் செய்வதே 'வீஸ்'. தடுப்பதற்கு வாய்ச்சொல் போதும். கையை நீட்டினும் போதும். ஒரு சிறு கூழாங்கல்லை எறியினும் போதும். கூழாங்கல்லின் வேகத்தை எவரும் அளக்கவில்லை.

யாம் இதனைப் படித்தபோது பாட்டியார் உயிரோடில்லை. அவர் கல்லெறியவில்லை. ஆயினும், வேண்டாமென்று மூன்று முறை சொன்னார்.