எம்மூஞ்சிப் படம் எங்கே?

எங்க பெரியவங்களும் ஊர் ஊராகப் போனவர்கள்தான். பெங்களூருக்குக் கட்டட வேலை, திருப்பூருக்கு பனியன் கம்பெனி, எங்கெங்கோ கரும்பு வெட்டு. அதையெல்லாம் யாரும் பயணம் என்று சொன்னதில்லை, படம் எடுத்தும் வைத்ததில்லை. கடத்தூர் காலனியில் நான் வளர்ந்தபோது ஒரு வீட்டில் மூன்று படம் இருந்தால் பெரிசு. அம்பேத்கர், கல்யாணப் படம், செத்தவருக்கு மாலை போட்ட படம்.

2003இல், பதினொன்றாம் வகுப்பு படிக்கையில், பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்த மாமா ஒரு பழைய கோடக் கேபி-10 கேமராவை வாங்கியாந்து குடுத்தார். ரோலுக்கு 36 படம். கழுவி பிரிண்ட் போட்டால் அம்மாவின் மூணு நாள் கூலி காலி. பிரிண்ட் வந்தால் பின்னாலிருக்கும் சுவர் பளிச்சென்று இருக்கும், எங்க முகம் கரிக்கட்டை. "நீங்க அப்படித்தானப்பா இருக்கீங்க" என்று சிரித்தார் ஸ்டுடியோக்காரர். காரணத்தைப் பின்னால்தான் படித்தேன். நிறம் சரிபார்க்க கோடக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் பல்லாண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி கார்டு என்று பேர். பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று சாக்லெட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் முறையிட்ட பிறகே ஃபிலிமைத் திருத்தினோம் என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மனுசத் தோலுக்கு இல்லாத மரியாதை சாக்லெட்டுக்கு!

எம்.ஏ. தமிழ் படிக்கையில் ஊர்சுற்றும் கிறுக்கு முற்றியது. பயணப் படமென்றால் கோபுரம், அருவி, பனிமலை என்பார்கள். என் வழி வேறே. 2008 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணி. 1968இல் 44 பேரைக் குடிசையோடு கொளுத்திய மண். அங்கே பெயர்களை மட்டும்தான் எடுத்தேன். மறு வருசம் நாக்பூர். பொம்மிடியில் ரயிலேறி சென்னை, அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். 1956 அக்டோபர் 14இல் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய தீட்சாபூமியில் ஜனவெள்ளம். எங்க பக்கத்தில் தேர் நாளில் ஊர்த்தெருவில் கேமராவோடு நின்றால் "நீ யாரு வூட்டுப் பையன்?" என்ற கேள்வி வரும். பதில் தெரிந்ததும் பார்வை மாறும். நாக்பூரில் யாரும் கேட்கவில்லை. ஒரு மராத்திக் கிழவியம்மா தானாகவே வந்து எதிரில் நின்றார். அவர் பேச்சு எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவருக்குப் புரியவில்லை. ஜெய்பீம் மட்டும் புரிந்தது. பேரனை விட்டு விலாசம் எழுதவைத்தார். தபாலில் அனுப்பிவைத்தேன்.

போட்டிகளில் பரிசு வாங்கும் படங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். சுருக்கம் விழுந்த கிழவி, சேற்றில் நிற்கும் பிள்ளை. தலைப்பு 'உழைப்பு'. எடுத்தவர் பேர் இருக்கும், முகத்துக்குரியவர் பேர் இருக்காது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த எங்க ஆயாவையும் யாரோ ஒருத்தர் அப்படி எடுத்துப்போனார். "எம்மூஞ்சிய எடுத்துக்கினு போனானே, ஒண்ணு எனக்குக் குடுத்தானா?" சாகிறவரைக்கும் ஆயா இதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

2011இல் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கினேன். 36 போய் 600 ஆயிற்று. முகத்தை அங்கேயே திரையில் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டலாம். நம்ம தோலுக்கு இது பெரிய விடுதலை, மறுக்கமாட்டேன். ஆனால் எல்லாரையும்போல என் கையிலும் பிரிண்ட் குறைந்துபோனது.

2012 நவம்பர் 7. ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்காக வைத்து எங்க மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளைக் கொளுத்தினார்கள். 250க்கும் மேற்பட்ட வீடுகள். தோழர்களோடு போனேன். கருகிய வண்டியை, வெடித்த பீரோவை எல்லாரும் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். ஒரு அக்கா கேமராவைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "தம்பி, அம்பேத்கர் விழாவுக்கு வந்தப்ப எங்க மாமியாரைப் புடிச்சியே, அது இருக்குதா? நீ குடுத்தது எரிஞ்சி போச்சி. அதுவும் இப்ப இல்ல."

2006இல் எடுத்தது. வீட்டில் டிரங்குப் பெட்டியில் நெகட்டிவ் இருந்தது. கொண்டுபோனால் எங்க பக்கத்தில் ஃபிலிம் கழுவுகிற லேப் எதுவும் மிஞ்சவில்லை. அந்த ஜனவரியில்தான் கோடக் கம்பெனியே அமெரிக்காவில் திவால் மனு போட்டிருந்தது. சேலத்தில் ஒருத்தரைத் தேடிப்பிடித்து ஸ்கேன் எடுத்தோம். சேதி பரவி மற்றவர்களும் கேட்டார்கள். மொத்தம் பதினேழு படம் தேறியது. அதிலொன்றில் ரெண்டு பையன்கள், ஜீன்சும் கூலிங் கிளாசுமாக. அந்த மாதங்களில்தான் ஜீன்ஸ் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று நம் பையன்கள்மேல் மேடைபோட்டுப் பழி சொன்னார்கள். படத்தில் இருந்த கண்ணாடி ஒன்றுதான். இவன் போட்டுக் கழற்றியதை வாங்கி அவன் போட்டுக்கொண்டான், எடுத்தவன் எனக்குத் தெரியாதா?

இன்றைக்குக் காலனியில் எல்லார் கையிலும் செல்போன். மலக்குழியில் இறங்குகிறவர்களின் வாழ்க்கையை மதுரை பழனிக்குமார் எடுக்கிறார், வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் வீட்டையே எடுக்கிறார். நல்லது. நான் பயணம் போகையில் பேட்டரியில் ஓடும் சின்ன பிரிண்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்கிறேன். தாள் விலை அதிகம், நண்பர்கள் கேலி செய்கிறார்கள். போன மாதம் சித்தேரி மலையில் ஒரு பெரியவர் தன் படத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பின்னால எம்பேர எழுதிக் குடு. அழியாத பேனாவுல எழுது" என்றார்.