மாமன் மடி

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் சித்திரை மாத ராத்திரிகளில் ஆசாரத்தில் ஒரே ஒரு பவானி ஜமக்காளம்தான் விரிப்பார்கள். குறுக்காகப் படுத்தால் எத்தனை பேரும் கொள்ளும். கால் மட்டும் தரையில் கிடக்கும். லீவுக்கு வந்த அத்தை மக்கள், மாமன் மக்கள், பெரியப்பா வீட்டுப் பசங்கள் எல்லாரும் அதில்தான். அப்பத்தா விளக்கை இறக்கிவிட்டு, இருட்டில் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போவாள். அவள் கையில் வெற்றிலையும் வசம்பும் கலந்து ஒரு வாசம் இருக்கும். சில நாள் ஒரு தலை கூடுதலாக வரும். பக்கத்து வளவுப் பையன் யாராவது விளையாடிய களைப்பில் இங்கேயே தூங்கிப்போயிருப்பான். "கெடக்கட்டும் உடு" என்று அவனுக்கும் சேர்த்துத் துப்பட்டியை இழுத்துவிடுவாள். அந்தக் கூடுதல் தலை நீங்களாகக்கூட இருந்திருக்கலாம்.

அப்பத்தா பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து. அதை அவள் அழுது சொல்லி நான் கேட்டதில்லை. கம்பு இத்தனை வள்ளம் கண்டது என்று சொல்கிற அதே குரலில் சொல்வாள். அடுத்தடுத்து இரண்டு போன பிறகு பிறந்த எங்கள் பெரியப்பாவைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் குப்புசாமி என்று பேர் வைத்தார்கள். எமனுக்குக் குப்பை வேண்டாமல்லவா? 1951 வாக்கில் இந்தியாவில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஏறக்குறைய 146 ஒரு வயதைத் தொடாமலே போயின என்பார்கள். அந்த வருசத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி, மூன்று பெற்ற பிறகும் ஒருத்தி பெற்றால் அது முன்யோசனை இல்லாத தாய்மை என்று எழுதினார். அவர் கணக்கில் எங்கள் அப்பத்தா ஆறு தடவை யோசனை இல்லாதவள். எது தங்கும், எது போகும் என்று முன்னாலேயே சொல்ல அவளுக்கு யார் இருந்தார்கள்?

தீபாவளிக்குத் தாத்தா ஒரு முழுப் பீஸ் எடுத்து வந்துவிடுவார். பையன்களுக்கெல்லாம் ஒரே சட்டை, பொட்டப்பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பாவாடை. "வளர்ற புள்ளைங்க, ரெண்டு விரக்கடை சேத்தித் தைங்க" என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டு வருவார். அந்தச் சட்டை நமக்கு அளவாகப் பொருந்தும் நாளில் அது தம்பிக்குப் போய்விடும். புதுத்துணிக் கஞ்சி வாசம், புடக்காளியில் வெந்நீர் அடுப்பின் தென்னமட்டைப் புகை, சமையல்கட்டில் சந்தகைக்கு வேகும் மாவின் ஆவி எல்லாம் ஒன்றாக வரும். சந்தகை பிழிவது ஒற்றை ஆள் வேலையா? மரத்தை ஒருத்தர் பிடிக்க வேண்டும், இரண்டு பேர் தொங்கி அழுத்த வேண்டும், ஒருத்தர் தட்டை நகர்த்த வேண்டும். தொங்குவதற்குத்தான் அடிதடி. இப்போது காங்கேயத்திலேயே பாக்கெட்டில் கிடைக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் எப்போது ஏறியது என்று யாருக்கும் தெரியாது. "நாம் இருவர் நமக்கு இருவர்" என்பதை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் எங்களில் பாதிப்பேர் தமிழ் படித்தோம். ஜீப்பில் குழாய் கட்டிக்கொண்டு வருவார்கள். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். எதை நிறுத்தச் சொல்கிறார்களோ அதுவே கூட்டமாக ஜீப்புக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்து டிரைவர் சிரிப்பார். என் தங்கை பிறந்தபோது அம்மா ஆஸ்பத்திரியிலேயே ஆப்ரேசன் செய்துகொண்டு வந்தாள். அப்பத்தா சண்டை பிடிப்பாள் என்று எல்லாரும் பயந்திருந்தோம். அவளோ பூண்டுக்குழம்பு வைத்துக்கொண்டே, "எங்க காலத்துல இருந்திருந்தா நானும் போயிருப்பனாக்கும்" என்றாள். நிறையப் பிள்ளைகள் இருந்த வீடுதான் வீடு என்று இன்று யாராவது உருகினால் எனக்கு அந்தக் குழம்பு வாசம்தான் வருகிறது. எங்களுக்குத் திருவிழா, அவளுக்கு அது இருபது வருசத்து வயிறு.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பொட்டப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பிறந்த குழந்தைகள் தங்கின. 2020 கணக்கில் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்குச் சாவது 13தான். பயம் போனதும் எண்ணிக்கையும் போனது. 1990களிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளை என்ற இடத்துக்கு நம் மாநிலம் வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8. எங்கள் பக்கம் இன்னும் முந்திக்கொண்டது. கிணற்றுப் பாசனக் காடு, அதையும் எத்தனை துண்டு போடுவது என்று ஒன்றோடு நிறுத்தியவர்கள் அதிகம். அந்த ஒன்று பையனாக இருக்க வேண்டும் என்று செய்த கொடுமைகளும் உண்டு. பெண் குழந்தைகளைக் கொல்லாமல் போட்டுவிட்டாவது போகட்டும் என்று 1992இல் சேலத்தில் அரசாங்கம் தொட்டில் வைக்க வேண்டி வந்ததை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

எங்களுக்கும் ஒரே மகள். அவளுக்கு ஒரே பையன். போன தை மாதம் குலதெய்வக் கோயிலில் அவனுக்குக் காதுகுத்து. காதுகுத்து எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கும், மாமன் மடியில் பிள்ளை திமிறும், ஆசாரி கம்பியைக் கையில் மறைத்துக்கொண்டு "அங்க பாரு காக்கா" என்பார். எனக்குக் குத்தியபோது மாமன்மார் மூன்று பேர், யார் மடி என்று அவர்களுக்குள் பேச்சாகி, கடைசியில் பெரிய மாமன் உட்கார, சின்ன மாமன் கோபித்துக்கொண்டு கிடாய்க் கறிப் பந்தியில் உட்காரவில்லையாம். இப்போது என் மகளுக்கு அண்ணன் தம்பி இல்லை. என் தம்பி மகன் ஒருத்தன்தான், அவன் சியோலில் வேலை பார்க்கிறான். 2023இல் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைச் சராசரி 0.72க்கு இறங்கிய நாடு, தென்கொரியா. பாலர் பள்ளிகளை முதியோர் இல்லமாக மாற்றுகிறார்கள் பெரியப்பா என்று போனில் சொன்னான். லீவு மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் எங்கள் கூட்டத்தில் பங்காளி முறையாகிற ஒரு பையனைப் பிடித்து உட்கார வைத்தோம். நல்ல பையன். பிள்ளையை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறான். ஊசிக்கு முன்னாலேயே பேரன் அழ ஆரம்பித்துவிட்டான்.

மருமகனும் ஒற்றைப் பிள்ளைதான். ஆக அத்தையும் இல்லை. நாளைக்கு இவனுக்குக் கல்யாணம் என்றால் இணைச்சீர் செய்யச் சகோதரிக்கு எங்கே போவது? அதற்கும் கூட்டத்தில் ஒரு பெண்ணைத் தேட வேண்டியதுதான்.

ஊரில் பிள்ளைச் சத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் அங்கன்வாடிப் பக்கம் போனால் கேட்கிறது, பாதி இந்தியில். தேங்காய்க் களங்களிலும் எண்ணெய் மில்களிலும் வேலை செய்கிற பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள். அதே 2019-21 கணக்கெடுப்பில் பீகாரில் ஒரு பெண்ணுக்கு மூன்று. அங்கேயும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. 2022 நவம்பரில் உலகத்தில் 800 கோடிப் பேர் ஆகிவிட்டோம் என்று ஐ.நா. அறிவித்தது. அதன் பிந்தைய கணிப்புப்படி 2080களின் நடுவில் 1030 கோடி வரைக்கும் ஏறிவிட்டு இறங்குமாம். 1950களில் ஒரு பெண்ணுக்கு ஐந்து என்றிருந்த உலகச் சராசரி இன்றைக்கு இரண்டேகால். ஏறுவதும் இறங்குவதும் ஒரே சமயத்தில் நடக்கிறது. எங்கள் தெருவிலேயே நடக்கிறது.

2024 அக்டோபரில் ஒரு கல்யாண விழாவில், மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதியும் குறையும் என்ற கவலையை வைத்து, பதினாறு பெற்றால் என்ன என்று முதலமைச்சர் பேசியதைப் பேப்பரில் படித்து மகளிடம் சொன்னேன். "ஒண்ணுக்கு ஸ்கூல் பீஸ் கட்டச் சொல்லுங்கப்பா, பெறகு மத்த பதினஞ்சப் பேசலாம்" என்றாள். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

லீவுக்குப் பேரன் வந்தால் தாயம் ஆடுகிறோம். நாலு கட்டத்தில் அவனுக்கு இரண்டு, எனக்கு இரண்டு. சரியான அழுகுணி ஆட்டம் ஆடுகிறான், காயை நகர்த்திவிட்டு இல்லவே இல்லை என்கிறான். அந்தக் காலத்தில் இதற்கு எதிராளிகள் மூன்று பேர் மேலே விழுந்திருப்பார்கள். இப்போது அந்த மூன்று பேர் சண்டையையும் நானே போட வேண்டியிருக்கிறது.