தண்ணீர் இறங்கும் காலம்

மார்கழி கடைசி நாள், போகி

கிளாஸ்கோ நகரத்தில் வைத்திய உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன், ஆறு வருஷங்களுக்குப் பிறகு பொங்கலுக்கென்று வில்லியனூருக்கு வந்திருக்கிறான். வந்தவன் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது தாயாருக்கு வாங்கிவந்த கம்பளியையன்று, தொலைநோக்கியைத்தான். ஸ்காட்லாந்து தேசத்து மலைச்சரிவுகளிலும், 'லாக்' என்று அந்நாட்டார் வழங்கும் ஏரிகளின் கரைகளிலும் விடுமுறை நாள்களெல்லாம் பட்சிகளைப் பார்த்துத் திரிவது அவனுக்கு வழக்கமாகிவிட்டதாம். மழையங்கியை மாட்டிக்கொண்டு, நனைந்துபோன ரொட்டியைத் தின்றுகொண்டு, ஒரு பறவைக்காக நாலு மணி நேரம் காத்துக் கிடந்த விருத்தாந்தத்தை அவன் சொல்லக் கேட்டபோது, பிள்ளைப் பிராயத்தில் என் வகுப்பில் ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்காரமாட்டாத பயல்தானா இவன் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவன் சொன்னவற்றுள் ஒன்று மனத்தில் தங்கிவிட்டது. வேட்டைக்காரர்களும் முட்டை சேகரிப்பவர்களுமாகச் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்நாட்டில் கூடு கட்டாதபடி ஒழித்துவிட்ட மீன்பிடிக் கழுகு ஒன்று, 1954ஆம் வருஷம் கார்ட்டன் என்னும் ஏரியருகே பைன் மரத்து உச்சியில் மறுபடியும் கூடு கட்டியது. அதை இரகசியமாகக் காத்துவந்தும், 1958ல் எவனோ ஒருவன் இருட்டில் மரமேறி முட்டைகளைக் களவாடிப் போனான். பறவைப் பாதுகாப்புச் சங்கத்து ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்பவர், ஒளித்துவைப்பதில் பயனில்லை, ஊரைக் கூட்டிக் காட்டுவதே காவல் என்று துணிந்து, மறு வருஷம் மரத்தைச் சுற்றி முள்வேலியும் தூரத்தில் ஒரு மறைவிடமும் அமைத்து, ஜனங்களை வரவழைத்துக் காட்டினார். ஆயிரக்கணக்கில் வந்து பார்த்தார்களாம்.

"அந்தப் பறவை நம்ம ஏரிக்கு வருமா மாமா?" என்று கேட்டான். ஸ்காட்லாந்தில் பிறப்பவை பனிக்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுமென்றும், நம் பக்கம் வருபவை ஆசியாவின் வடகோடியிலிருந்து இறங்குபவை என்றும் தனக்குத் தெரிந்ததை அவனே சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்தான். அப்படியொரு பறவையை நான் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை என்றேன். இந்த வார்த்தையை இரண்டே நாளில் நான் திரும்பப் பெற்றுக்கொள்ள நேருமென்பது அப்போது தெரியவில்லை.

விடியற்காலையில் ஒரு நடை ஊசுட்டேரிவரை போய்வந்தோம். பழம்பாயும் கிழிந்த டயரும் எரிந்த புகையோடு மூடுபனியும் கலந்துகொண்டதில் ஏரியே கண்ணுக்குத் தெரியவில்லை. நீர்க்கோழிகளின் சத்தம் மாத்திரம் கேட்டது.

தை 1

பொங்கல் நாள்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் 2015 முதல் நடந்துவருகிறது. குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதிக் கொடுத்தால் போதும், ஏரிக்கரைதான் வேண்டுமென்பதில்லை. ஆகவே பால் பொங்குவதற்குள் மொட்டைமாடியில் முடித்துவிட்டோம். காகம், மைனா, கிளி, பனங்காடை ஒன்று, கம்பியில் பஞ்சுருட்டான் நான்கு. கீழேயிருந்து தங்கை மூன்று முறை கூப்பிட்டாள். நாலாவது முறை கூப்பிட்ட தொனியில் இறங்கிவிட்டோம்.

தை 2, மாட்டுப்பொங்கல்

வில்லியனூரிலிருந்து பத்துக்கண்ணு வழியாக ஊசுட்டேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறே கால். ஏறக்குறைய 800 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ள இந்த ஏரியில் புதுவைக்கு உரிய பகுதி 390 ஹெக்டேர். மிச்சம் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2008ல் புதுவை அரசாங்கம் தன் பங்கைப் பறவைகள் சரணாலயமென்று அறிவித்தது. பின்னர்த் தமிழ்நாடும் தன் பங்கை அவ்வாறே ஆக்கியது. கணக்கெடுப்பவனுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. எதிர்க்கரையில் நிற்பவர் எண்ணிய கூழைக்கடாக்கள் எழுந்து நம் பக்கம் வந்து இறங்கினால், நாமும் எண்ணத்தானே செய்வோம்? இரண்டு அரசாங்கங்களின் ஏட்டிலும் ஏறிவிட்ட கூழைக்கடாக்கள் எத்தனையோ, அவற்றின் மனச்சாட்சிக்கே வெளிச்சம்.

நெற்றியில் வெள்ளை நாமம் இட்டாற்போன்ற நாமக்கோழிகள் நடு ஏரியில் கரும்புள்ளிகளாய்ப் பரவிக் கிடந்தன. ஒவ்வொன்றாக எண்ணப் புகுந்து நான் மூன்று முறை தவறிய பிறகு, பத்துப் பத்தாகக் கட்டம் போட்டு எண்ணும் முறையை மருமகன் கற்றுக்கொடுத்தான். முப்பத்தைந்து வருஷம் உபாத்தியாயராக இருந்தவனுக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்கிறான்; கற்றுக்கொண்டேன். ஊசிவால் வாத்துகள் கோரைக்கு அப்பால் தலையை நீருக்குள் விட்டு வாலை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தன. நீலத்தாழைக்கோழிகள் சம்பங்கோரையின் தண்டைக் காலால் பிடித்து, மனிதன் கரும்பைக் கடிப்பதுபோலக் கடித்தன. பொங்கல் நாளில் வேறு உவமை தோன்றவில்லை.

எட்டு மணிக்குமேல், நீரில் பட்டுப்போய் நின்ற மரத்து நுனியில் பெரிய பறவை ஒன்று அமர்ந்தது. "செம்பருந்து, எழுதிக்கொள்" என்றேன், பார்க்காமலேயே. வெண்தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட செம்பருந்தை வாழ்நாளெல்லாம் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டவன் நான். அவன் எழுதவில்லை, தொலைநோக்கியை என் கையில் கொடுத்தான். வயிறு வெள்ளை. கண் வழியாகப் பின்கழுத்துவரை மையை இழுத்துவிட்டாற்போல் ஒரு கரிய கோடு. சற்று நேரத்தில் அது எழுந்து, நீருக்குமேல் ஒரே இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு நின்றது. பிறகு இரண்டு கால்களையும் முன்னே நீட்டியபடி தொப்பென்று விழுந்து, ஏறத்தாழ முழுவதுமே முழுகி, ஒரு மீனோடு எழுந்தது. பறக்கும்போதே மீனைத் திருப்பி, அதன் தலை காற்றுக்கு எதிரே முன்னோக்கி இருக்கும்படி வைத்துக்கொண்டதைத் தெளிவாகக் கண்டேன். வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பி முன்னிரண்டு பின்னிரண்டாய்ப் பிடிக்க வல்லது அந்தப் பறவை. அதனால்தான் வழுக்கும் மீன் நழுவுவதில்லை என்று அவன் விளக்கினான். அவன் ஏழு கடல் தாண்டிக் காத்துக் கிடந்து பார்த்த அதே ஜாதி! இத்தனை வருஷமும் நான் இதைப் பார்த்திருக்கவேண்டும். பார்த்துச் செம்பருந்தென்று கும்பிட்டுவிட்டு நடந்திருக்கிறேன் என்பதில் இப்போது சந்தேகமில்லை.

கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அதன் பெயரைக் கேட்டோம். நிமிர்ந்து பார்க்காமலே, "விராலடிப்பான்" என்றார். ஊர் ஊராக வழங்கும் பட்சிப் பெயர்களைத் தேடித் தொகுத்த க. ரத்னம் போன்றவர்களின் உழைப்பால் அச்சில் ஏறிய பெயர் அது. ஆனால் இவர் புஸ்தகம் படித்தவரல்லர். ஏன் விராலை மட்டும் சொல்கிறது பெயர் என்று மருமகன் விடாமல் கேட்டான். பெரியவர் சொன்னார்: "மத்த மீனு அடியிலயே கெடக்கும் தம்பி. விராலுக்கு மூச்சு முட்டும். மேல வந்து ஒரு வாய் காத்து குடிச்சிட்டுத்தான் போவும். அந்த நேரத்துக்கு இவன் மேல நிக்கறான்." விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பது விலங்கியல் பாடம். அந்தப் பாடம் ஒரு பெயருக்குள் அடங்கிக் கிடப்பதை, தமிழ் வாத்தியாராகிய நான், ஒருநாளும் பிரித்துப் பார்த்தேனில்லை. இன்று அது தூக்கிப்போன மீன் என்னவோ ஜிலேபிக் கெண்டை.

தை 3, காணும் பொங்கல்

ஏரிப் பக்கம் போகவில்லை. இன்று அங்கே காண்பதற்கு மனிதர்களே இருப்பார்கள்.

வீட்டில் உட்கார்ந்து முந்திய நாள் குறிப்பைப் பிரதி செய்தேன். நாட்குறிப்பு எழுத உட்காரும் புதுவைக்காரன் எவனுக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நினைவு வராமற் போகாது. 1736ல் தொடங்கி இருபத்தைந்து வருஷம், கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, குவர்னர் சொன்னது, தான் மனத்துக்குள் நினைத்தது எல்லாவற்றையும் எழுதி வைத்தார். நம்முடைய குறிப்பில் இறங்குவது கூழைக்கடா, அவ்வளவுதான் வித்தியாசம்.

தை 4

கடலூர் சாலையில் கன்னியக்கோயிலில் திரும்பிப் பாகூர் சேர்ந்தோம். புதுவையின் நெற்களஞ்சியமென்று பெயர் வாங்கிய கொம்யூன் இது. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாக அளித்த செப்பேடு 1879ல் இங்கேதான் அகப்பட்டது. அதில் ஊர்ப் பெயர் வாகூர். பக்கத்திலேயே குருவிநத்தம் என்றோர் ஊர். பறவை பார்க்க வந்தவனுக்கு இதைவிட நல்ல சகுனம் ஏது!

பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால்தான் இந்த ஏரியை நிரப்புகிறது. பங்காரி, சிங்காரி என்று தாசிகுலத்துச் சகோதரிகள் இருவர் தங்கள் செல்வத்தைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டுவித்தார்களென்று ஊரார் சொல்வது வழக்கம். சரித்திரக்காரர்கள் இதற்குச் சாஸனம் கேட்பார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிற வரையில் நான் கேட்கப் போவதில்லை.

கரைமேல் ஏறியதும் மருமகனுக்கு முகம் வாடிவிட்டது. ஐப்பசி கார்த்திகை மழையில் ததும்பிய நீர் இன்னும் மதகுப் பக்கம் ஆழமாகவே நின்றது. முக்குளிப்பான்களும் சில நீர்க்காகங்களும் தவிர ஒன்றுமில்லை. ஆனால் கரைக்கு இப்புறம், கீழே, வேறோர் உலகம் நடந்துகொண்டிருந்தது. சம்பா அறுத்துவிட்டு நவரைக்குச் சேறடிக்கும் வயலில் டிராக்டருக்குப் பின்னால் கொக்குகளும் மடையான்களும் முண்டியடித்தன. அதற்கடுத்த நீர் கட்டிய வயலில் முப்பத்தாறு நத்தைக்குத்தி நாரைகள், கிராமசபை கூடினாற்போல், ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றன.

இந்த நாரையின் அலகு நடுவில் மூடாது; இடுக்கு வழியே வெளிச்சம் தெரியும். குஞ்சுக்கு இந்த இடுக்கு இல்லை, வளர வளரத்தான் உண்டாகிறது. பாக்குவெட்டி பாக்கை உடைப்பதுபோல் நத்தையை உடைக்கவே இறைவன் இப்படிப் படைத்தான் என்று எத்தனை வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்கிறேன்! வரப்பில் கிடந்த வெற்று ஓடுகளில் ஒன்றை மருமகன் எடுத்துக் கொடுத்தான். எலுமிச்சம்பழம் பருமன்; உட்புறம் இன்னும் ஈரமாக, ஊதா வரிகளோடு மின்னியது. விரிசல் இல்லை. விளிம்புகூடச் சிதையவில்லை. வாயை அடைத்திருக்கும் கொம்புத்தகடு போன்ற மூடி மாத்திரம் கழன்று சேற்றில் தனியே கிடந்தது. பறவை ஓட்டை உடைப்பதில்லையாம். கீழலகின் கூரிய நுனியை உள்ளே விட்டு, தசையை அறுத்து, சதையை முழுசாக உருவிவிடுகிறதாம். எங்கள் எதிரிலேயே ஒன்று, தலையை நீருக்குள் முக்கால்வாசி விட்டு, நத்தையைச் சேற்றில் அழுத்திக்கொண்டு பத்துப் பதினைந்து விநாடி கழுத்தை ஆட்டிற்று. நிமிர்ந்தபோது அலகு நுனியில் சதை தொங்கியது. அவ்வளவுதான். பாக்குவெட்டி கதையைக் கேட்ட பிள்ளைகளில் சிலருக்குப் பேரன் பேத்தியே பிறந்திருக்கும். இனி யாரைத் தேடிப் போய்த் திருத்துவது?

மதகைத் திறந்து மூடும் பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னா சார், கொக்கு எண்றீங்களா?" ஏரியில் ஒன்றுமில்லையே என்று மருமகன் குறைப்பட்டான்.

"ரொம்பி நிக்கற ஏரியில நாரைக்கு என்னா வேல? காலு எட்டாதில்ல. இந்தப் போகத்துக்குத் தண்ணி உடுவேன். எறங்க எறங்க, அந்தப் பக்கம் சேறு தெரியும். மாசிக்கு வாங்க. எடமில்லாம நிக்கும்."

இதைக் கேட்ட பிறகு வெகுநேரம் கரைமேலேயே உட்கார்ந்திருந்தோம். ஊசுட்டேரிக்குக் கீழே என் இளமையில் நெல் விளைந்த வயல்களில் எத்தனை இன்று மனைக்கட்டுகளாகவும் கட்டடங்களாகவும் நிற்கின்றனவென்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பாய்ச்ச வயல் இல்லையென்றால் மதகைத் திறக்க ஆளில்லை. திறக்காத ஏரி தன் போக்கில் வெயிலுக்கு வற்றுமே தவிர, காலோடு அளந்து இறங்காது. சரணாலயமென்று பலகை எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். ஆனால் நாரைக்கு இலை போடுகிறவர் இந்தச் சைக்கிள்காரர் என்பது எந்தப் பலகையிலும் இல்லை. வேடந்தாங்கலிலும் பறவைகளைத் துப்பாக்கிக்காரர்களிடமிருந்து காக்கும்படி முதலில் முறையிட்டவர்கள் அந்த ஊர்க் குடியானவர்கள்தாம்; எச்சம் கலந்த தண்ணீரின் அருமை அவர்கள் வயலுக்குத் தெரியும்.

"அங்கயும் அப்படித்தான் மாமா," என்றான் அவன், கேட்காமலே. ஸ்காட்லாந்து மலைகள் மனிதக் கை படாதவை என்று படம் பிடிக்கிறவர்கள் நினைக்கிறார்கள். ஆடும் மானும் மேய்ந்து மரமில்லாமற் செய்தவை அவை. வேட்டைக்குரிய கவுதாரி ஜாதிப் பறவை பெருகவேண்டுமென்று அங்குள்ள ஊதாப் பூப் புதரைத் திட்டுத் திட்டாகக் கொளுத்தி வளர்க்கிறார்கள் என்று சொன்னான். அங்கே வேட்டைக்காரனுக்காக, இங்கே நவரைக்காக. எனக்கு நவரைதான் உசத்தியாகப் பட்டது. அவனும் மறுக்கவில்லை, சோறு தின்கிறவன்தானே.

தை 5, ஆற்றுத் திருவிழா

சங்கராபரணிக் கரைக்குச் சுவாமிகள் வந்திருந்தன, நல்ல கூட்டம். மருமகன் இன்றிரவு விமானமேறுகிறான். பாகூர் நத்தை ஓட்டைச் சட்டைப்பையில் போட்டபடியே மறந்துவிட்டிருக்கிறான். உள்ளே ஒட்டியிருந்த மிச்சம் நாற்றமெடுத்து, வீடு முழுவதும் எலி செத்துக் கிடப்பதாகத் தங்கை காலையிலிருந்து பீரோக்களை நகர்த்திக்கொண்டிருக்கிறாள். ஓட்டைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டிருக்கிறோம். சாயங்காலத்துக்குள் நாற்றம் போனால் கிளாஸ்கோவுக்குப் போகும். இல்லாவிட்டால் என் மேஜைமேல் இருக்கும். மாசியில் பாகூருக்குப் போகவேண்டும்.