பூனையின் நீர்க்கடுப்பும் நாலு மாத்திரையும்

கொல்லிமலை என்றதும் ஆகாய கங்கை அருவி, மிளகு, பலாப்பழம் என்று பட்டியல் போடத் தோன்றும். இந்தப் பதிவு அதைப் பற்றி இல்லை. மலை மேல் ஒரு வீட்டுப் பூனைக்கு நீர்க்கடுப்பு வந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி. சிரிக்காமல் படியுங்கள் :)

பூனை அடிக்கடி போய் உட்காரும், முக்கும், இரண்டு சொட்டு வரும், சில சமயம் ரத்தத்தோடு. பார்க்கிறவருக்கு மனசு கேட்காது. முறையாகப் பரிசோதிக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். ஆனால் பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். பூனையை விடுங்கள், அந்தப் பாதையில் மனிதர்களுக்கே குமட்டும்! அதனால் மருந்துக்கடையில் நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் பொடித்து, மீனில் கலந்து வைத்துவிடத் தோன்றும். ஒரு வாரத்தில் பூனை பழையபடி எலி பிடிக்கப் போய்விடும். 'மாத்திரை கேட்டுடுச்சு.'

சிக்கலே இங்கேதான். இளம் பூனைகளின் நீர்க்கடுப்பில் பெரும்பாலும் பாக்டீரியாவே இருப்பதில்லை. சிறுநீர்ப்பை தானாகவே அழற்சி கண்டு வீங்கும். வீடு மாறினாலோ புதுப் பூனை வந்தாலோ ஏற்படும் பதற்றம்கூட அதைத் தூண்டும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பத்து வயது தாண்டிய, சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ உள்ள பூனைகளுக்குத்தான் உண்மையான தொற்று அதிகம் வருகிறது.

சரி, தேவையில்லாத மாத்திரையால் என்ன நஷ்டம்? அது பூனையின் குடலுக்கும் போகிறதே. அங்கே இருக்கும் ஈ.கோலியில் மருந்துக்கு அடங்குவது சாகும், அடங்காதது பெருகும். அந்த எதிர்ப்புச் சக்திக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற குட்டி டிஎன்ஏ வளையத்தில் வைத்துப் பக்கத்துக் கிருமிக்கும் அது கொடுக்கும். கிளாஸில் பிட் பாஸ் பண்ணுகிற மாதிரி. மனிதர்களின் நீர்க்கடுப்புக்கும் முதல் காரணம் இதே ஈ.கோலிதான், மருந்தும் பெரும்பாலும் அதே வகைதான். ஒரே வீட்டில் வாழும் மனிதர்களும் பிராணிகளும் ஒரே ஈ.கோலி வகையைப் பகிர்ந்துகொள்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

விலங்குக்குக் கொடுக்கும் மருந்து மனிதனைத் தொடும் என்பது கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன நாமக்கல்லுக்குப் புதிதல்ல. கொலிஸ்டின் என்ற மருந்து மனிதர்களுக்கு எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுப்பது. இந்தியாவில் அதைக் கோழித் தீவனத்தில் எடை கூடுவதற்காகக் கலந்துகொண்டிருந்தார்கள். 2015-இல் சீனாவில் கொலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு, பிளாஸ்மிட்டில் ஏறிப் பரவுவதைக் கண்டுபிடித்தார்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதை மத்திய அரசு தடை செய்தது 2019 ஜூலையில். பூனை மாத்திரையை யார் கணக்கெடுக்கிறார்கள்?

நம்ம காமர்ஸ் ஆட்களுக்கு இது எக்ஸ்டர்னாலிட்டி. மாத்திரை அட்டையில் அச்சடித்த விலையில் இந்தச் செலவு சேரவில்லை. பில் வேறொருவர் வீட்டுக்குப் போகும்.

முறையான வழி எளிது. ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக நீர் எடுத்துக் கல்ச்சர் வைத்தால், கிருமி உண்டா, எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். சாதாரணத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் மருந்தே போதும் என்கிறது 2019-இல் வந்த சர்வதேசக் கால்நடை மருத்துவ வழிகாட்டி. தொந்தரவு எதுவும் இல்லாமல் நீரில் கிருமி மட்டும் தெரிந்தால் பொதுவாக மருந்தே வேண்டாமாம்.

பி.கு: கடுவன் பூனை முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் அது அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும், எத்தனை வளைவானாலும் உடனே இறங்க வேண்டியதுதான். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.