பெயர்த்தெழுதியவரின் பிழை

தமிழ் படித்தவருக்கு அமெரிக்க உயிரியல் பாடநூலில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவலாம், வினவியும் விட்டார்கள். நாம் பயின்றது பழந்தமிழ் ஏடுகளின் பாடபேதம். ஒரு நூல் கைமாறும்போது எந்தச் சொல் மறைந்தது, அதன் இடத்தில் எந்தச் சொல் வந்தமர்ந்தது, மாற்றியவர் நோக்கம் யாது என்று தேடுவதிலேயே முதுகலை நாட்கள் கழிந்தன. பென்சில்வேனிய மாநிலத்து டோவர் பள்ளி வழக்கின் தீர்ப்பையும் அந்தப் பழக்கத்தோடுதான் படித்தோம். 2005 டிசம்பர் 20 அன்று வழங்கப்பட்ட அது 139 பக்கம். சட்டம் நமக்கு அந்நிய நிலம்தான். ஆயினும் அதில் ஓரிடம் மட்டும் சொந்த ஊர்போல இருந்தது.

வழக்கு இதுதான். 2004 அக்டோபரில் டோவர் பள்ளி வாரியம் ஒரு முடிவெடுத்தது. டார்வின் கொள்கையில் இடைவெளிகள் உள்ளன, உயிரின் தோற்றத்துக்கு ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்றொரு வேறு விளக்கமும் உண்டு, விரும்புவோர் ‘பாண்டாக்களும் மனிதர்களும்’ என்ற நூலைப் பார்க்கலாம் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு ஓர் அறிக்கை படித்துக்காட்ட வேண்டும். கடவுள் என்ற சொல் அதில் இல்லை. இருப்பினும் பெற்றோர் பதினொருவர் நீதிமன்றம் சென்றனர்.

கடவுள் என்ற சொல் ஏன் இல்லை என்பதில்தான் கதை இருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், 1791 முதல், அரசு ஒரு சமயத்தை நிறுவுவதைத் தடுக்கிறது. அதன்படியே, பரிணாமத்தைக் கற்பிக்கக் கூடாதென்ற ஆர்கன்சாஸ் மாநிலச் சட்டத்தை 1968இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. பரிணாமம் கற்பித்தால் ‘படைப்பு அறிவியலும்’ சேர்த்தே கற்பிக்க வேண்டுமென்ற லூசியானா சட்டம் 1987 ஜூனில் வீழ்ந்தது. வாசற்கதவு அடைபட்டது. அதன்பிறகு பின்கட்டு வழியே நுழைய ஒரு மாற்றுப்பெயர் தேவைப்பட்டது.

பாண்டா நூலின் கைப்பிரதிகள் வழக்கில் வரவழைக்கப்பட்டன. மெய்யியல் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் அவற்றை வரிசைப்படுத்தி ஒப்பிட்டார். உ.வே.சாமிநாதையர் செய்த வேலைதான், ஓலைக்குப் பதில் தட்டச்சுத் தாள். 1987 தீர்ப்புக்கு முந்தைய பிரதிகளில் ‘படைப்பு’, ‘படைப்புவாதி’ என்று இருந்த இடங்களில், பிந்தைய பிரதியில் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ வந்து அமர்ந்திருக்கிறது. ஏறத்தாழ 150 இடங்களில் இந்த மாற்றம் நிகழ்ந்ததாகத் தீர்ப்பு சொல்கிறது. பொருள்விளக்கம் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

ஓரிடத்தில் கை தவறியிருக்கிறது. ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை அழித்து ‘டிசைன் புரொபோனன்ட்ஸ்’, அதாவது வடிவமைப்பை ஆதரிப்போர், என்று செருகியவர் பழைய சொல்லை முழுவதும் அழிக்கவில்லை. அதன் முதலெழுத்து முன்னும், ‘இஸ்ட்ஸ்’ என்ற வால் பின்னும் தங்கிவிட, ‘சிடிசைன் புரொபோனன்ட்ஸிஸ்ட்ஸ்’ என்றொரு விசித்திரச் சொல் பிறந்துவிட்டது. பரிணாமத்தை மறுக்க எழுதிய நூலுக்குள்ளேயே ஓர் இடைநிலை உயிரி! ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழையால் எத்தனையோ பாட்டுகளை இழந்திருக்கிறோம் என்று நொந்துகொள்வது நம் இனத்தார் வழக்கம். அத்தகைய ஒரு பிழை உண்மையைக் காட்டிக்கொடுத்ததைக் கண்டபோது கைதட்டத் தோன்றியது.

இதைச் சமயத்துக்கும் அறிவியலுக்குமான போர் என்று எழுதிவிடுவது எளிது. நாம் அவ்வாறு எழுதமாட்டோம். பெற்றோர் தரப்பின் முதன்மைச் சாட்சி கென்னத் மில்லர், கத்தோலிக்கர், உயிரியலாளர். தீர்ப்பெழுதிய ஜான் ஜோன்ஸ் குடியரசுக் கட்சியினர். 2002இல் அதிபர் புஷ் நியமித்தவர். அதே புஷ் 2005 ஆகஸ்டில் இரு கருத்துகளையும் கற்பிக்கலாம் என்று சொல்லியிருந்தார். மறு ஆண்டு ஜூலையில், குருத்தணு ஆய்வுக்கு நடுவண் அரசின் நிதியை விரிவாக்கும் மசோதாவைத் தடுத்தார். ஐந்தாண்டுக்கு மேல் ஆண்டவர் பயன்படுத்திய முதல் தடுப்பதிகாரம் அது. அந்த நிதிக் கட்டுப்பாட்டை 2009 மார்ச்சில் ஒபாமா நீக்கினார். நம்பிக்கை வாக்காகும் நாட்டில் ஆய்வுக்கூடத்தின் சாவி தேர்தலோடு கைமாறுகிறது.

ஆனால் மசோதாக்களையும் வழக்குகளையும் விட நம்மை உறுத்துவது சத்தமில்லாத திருத்தம். 1925 ஜூலையில் டென்னசி மாநிலத்து டேட்டனில் பரிணாமம் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். வானொலி முழங்கியது, உலகமே சிரித்தது, பகுத்தறிவு வென்றதாக இன்றும் பேசுகிறோம். வழக்குக்குக் காரணமான ஹண்டரின் பாடநூல் மறு ஆண்டு திருத்தப் பதிப்பாக வந்தபோது ‘பரிணாமம்’ என்ற சொல் அதில் தவிர்க்கப்பட்டிருந்தது. (அந்நூலில் இனமேன்மைப் பேச்சும் உண்டு; வழக்கு அதைப் பற்றியதன்று.) பிற பதிப்பாளர்களும் அச்சொல்லை அடக்கி வாசித்தனர். 1957இல் ரஷ்யர் செயற்கைக்கோள் ஏவி அமெரிக்கரை அச்சுறுத்திய பிறகே பரிணாமம் பாடநூலுக்குள் நிமிர்ந்து வந்தது. டென்னசியின் தடைச்சட்டமோ 1967 வரை ஏட்டில் இருந்தது.

திருத்துவோர் பதிப்பகத்தில் மட்டும் இல்லை. மைக்கேல் பெர்க்மன், எரிக் புளட்சர் ஆகிய இருவர் அமெரிக்கா முழுதும் 926 உயர்நிலைப்பள்ளி உயிரியல் ஆசிரியர்களிடம் விசாரித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பரிணாமத்தை உறுதியாகவும் சொல்லாமல், மறுக்கவும் மறுக்காமல் நழுவிச் செல்பவர்கள். படைப்புவாதத்தை ஆதரித்துக் கற்பித்தவர் 13 விழுக்காடுதான். 2019இல் எடுத்த மறு கணக்கெடுப்பில் நிலைமை சற்று மேம்பட்டிருந்தது. அந்த 60ஐ நாம் எள்ளி நகையாட இயலாது. தேவாரத்தையும் சமணக் காப்பியத்தையும் ஒரே பருவத்தில் நடத்துகிற நமக்கு, முன்வரிசை முகம் சுருங்குவதைப் பார்த்து நாக்கு சொல் தேடும் அந்த நொடி தெரியும்.

டோவரின் உயிரியல் ஆசிரியர்கள் அறிக்கையைப் படிக்க எழுத்து மூலம் மறுத்துவிட்டனர். எனவே 2005 ஜனவரியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புகளுக்குள் சென்று அதைப் படித்தார்கள். அதைப் பற்றி மாணவர் கேள்வி கேட்கவோ விவாதிக்கவோ அனுமதி இல்லை.