திக்கிப் பேசியவர் திக்காமல் பாடிய ஊர்!

பெல்ஜியத்தின் கடற்கரை மொத்தமே 67 கிலோமீட்டர்தான். அதன் நடுவாக்கில் இருக்கிறது ஆஸ்டெண்ட். கடலோர டிராமில் வந்து இறங்கினால் மீன் சந்தை, அதில் குட்டிக் குட்டி இறால்கள், முகத்தில் அறையும் காற்று. கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்து. டோவருக்கு 1846-லேயே இங்கிருந்து கப்பல் விட்டிருக்கிறார்கள்.

1949-ல் இந்த ஊரில் பிறந்தவர் ஆர்னோ ஹின்ட்யென்ஸ். பேசினால் திக்கும், பாடினால் திக்காது.

எழுபதுகளில் கிதார் கலைஞர் பால் டெகூட்டருடன் ஜோடி சேர்ந்தார். இருவரின் பெயர்களிலும் வாலை வெட்டி ஒட்டி 'ட்யென்ஸ் கூட்டர்' என்று பெயர் வைத்தார்கள். ஆர்னோ மவுத் ஆர்கனும் வாசிப்பார். இசை, அமெரிக்கக் கறுப்பின மக்கள் தந்த ப்ளூஸ். நன்றாகவே வாசித்தார்கள். ஆனாலும் அது இரவல் குரல்தானே?

சொந்தக் குரல் 1980-ல் வந்தது. பழைய பெயரின் டி, சி என்ற எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு 'டி.சி. மேட்டிக்' பிறந்தது. பேஸ் கிதாரும் டிரம்ஸும் ஆட்டம்போட வைக்கும் ஃபங்க் தாளத்தைப் பிடிக்க, ஜான் மரி ஏர்ட்ஸின் கிதார் தகரத்தைக் கிழிப்பதுபோல குறுக்கே பாயும். மேலே ஆர்னோவின் கரகரக் குரல். டச்சு பேசுபவர்களும் பிரெஞ்சு பேசுபவர்களும் அரசியலில் ஓயாமல் முட்டிக்கொள்ளும் நாடு பெல்ஜியம். இவரோ பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கலந்துகட்டிப் பாடினார். இலக்கணம் பார்க்கிற ஆளே இல்லை. 'ஓ லா லா லா' பாட்டைக் கேட்டால் புரியும்.

1981-ல் ஊருக்கு ஒரு விருந்தாளி வந்தார். கடனிலும் போதையிலும் சிக்கித் தவித்த அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கே. அவருக்குச் சமைத்துக் கொடுத்ததாக ஆர்னோவே சொல்லியிருக்கிறார். கடற்கரையில் ஓடி உடம்பைத் தேற்றிக்கொண்ட மார்வின், 1982-ல் வெளிவந்த தன் பெரிய ஹிட்டை உருவாக்கத் தொடங்கியது இங்கேதான். அவர் உலவிய தெருக்களைக் காட்ட இப்போது தனி நடைச் சுற்றுலாவே இருக்கிறது.

டி.சி. மேட்டிக் நான்கு ஆல்பங்களோடு 1986-ல் கலைந்தது. தனியாகப் பாடத் தொடங்கிய ஆர்னோ, ப்ளூஸை விடவில்லை. புற்றுநோய் வந்த பிறகும் மேடை ஏறினார். 2022 ஏப்ரல் 23-ல், 72 வயதில் இறந்தார்.

அதே ஆண்டு வெளிவந்த கடைசி ஆல்பத்தின் பெயர் 'ஓபெக்ஸ்'. எண்ணெய் நாடுகளின் கூட்டமைப்பு இல்லை. ஆஸ்டெண்டின் ஒரு பேட்டை. துறைமுகத்தின் அக்கரையில் இருக்கிறது. படகில் போகலாம், டிக்கெட் கிடையாது.